தோளில் நான்கு விரல்கள்



திரை வேண்டுமா, புரொஜெக்டர் வேண்டுமா என்று நண்பர்கள் இரண்டு முறை போன் செய்து கேட்டார்கள். வேண்டாம் என்றேன். புகைப்படத்தைப் பற்றிப் பேச வந்தவன் ஒரு படம்கூடக் காட்டாமல் பேசுவது, அடுப்பில்லாமல் சமையல் வகுப்பு எடுக்கிற மாதிரிதான். ஆனால் திரையில் ஒரு படம் விழுந்துவிட்டால் நீங்கள் என் பேச்சைக் கேட்கமாட்டீர்கள். படத்தைப் பார்த்தபடி உங்களுக்குள்ளேயே ஏதோ பேச ஆரம்பித்துவிடுவீர்கள். நான் பேச வந்திருப்பது அந்த உள்பேச்சைப் பற்றி. சொல்லப்போகும் படங்களில் பல நீங்கள் பார்த்தவையாக இருக்கும். பார்க்காதவற்றை வீட்டுக்குப் போய்த் தேடுங்கள். அதற்கு முன் மனத்துக்குள் ஒருமுறை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். வரைந்ததும் பார்த்ததும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கின்றன என்று கவனித்தால் பாதிப் பேச்சை நீங்களே பேசிவிட்ட மாதிரி.

எங்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

கூடத்தில் வாசலைப் பார்த்தபடி தாத்தாவின் படம் மாட்டியிருக்கும். அவர் உயிரோடு இருந்தபோது எடுத்த ஒரே படம். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய தலைமுறை அது. யாரோ ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில், தப்பிக்க வழியில்லாமல், குரூப் போட்டோவின் பின்வரிசையில் நின்றுவிட்டார். அவர் போன பிறகு அந்த குரூப் போட்டோவை டவுனுக்கு எடுத்துப்போய், ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்து, தாத்தாவை மட்டும் தனியே பிரித்துப் பெரிதாக்கி வாங்கி வந்தார்கள். சுற்றி நின்றவர்களையெல்லாம் ஸ்டூடியோக்காரர் பிரஷ்ஷால் வெள்ளையடித்து மறைத்துவிட்டார். ஒன்றை மட்டும் அவரால் மறைக்க முடியவில்லை. தாத்தாவின் இடது தோளில் நான்கு விரல்கள். பக்கத்தில் நின்ற யாரோ தோளில் கை போட்டிருக்கிறார். ஆள் போய்விட்டார், விரல்கள் தங்கிவிட்டன.

அவை யாருடைய விரல்கள் என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை தீர்ப்பில்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்த சிநேகிதருடையவை என்பார் பாட்டி. பின்னாளில் வரப்புத் தகராறில் கோர்ட்டுவரை போன சின்னத் தாத்தாவுடையவை என்று சத்தியம் செய்வார் பெரிய அத்தை. சின்ன வயதில் எனக்கு அது சாமியின் கை. மூலப்படம் பாகப்பிரிவினையில் எந்தப் பெட்டியோடு போனதோ தெரியாது. தாத்தாவின் முகத்தைப் பார்த்து யாரும் கண்கலங்கி நான் கண்டதில்லை. விறைப்பான, பிடிவாதமான முகம். அத்தை அழுதது அந்த விரல்களைப் பார்த்துத்தான். கேஸ் போட்ட கை ஒருநாள் இந்தத் தோளில் கிடந்ததே என்று அழுவார்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழய்யா வினையெச்சம் நடத்திய விதம் நினைவுக்கு வருகிறது. பலகையில் ‘வந்து’ என்று எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். அப்புறம் எங்களைப் பார்ப்பார். வந்து? ஒருவன் ‘வந்து போனான்’ என்பான். ஒருவன் ‘வந்து அடித்தான்’ என்பான். கடைசி பெஞ்சிலிருந்து ‘வந்து தூங்கினான்’ என்று ஒரு குரல் கேட்கும். வினை தொடங்கிவிட்டது, முடியவில்லை, முடிக்கும் சொல் வெளியிலிருந்து வரவேண்டும் என்று விளக்குவார். எச்சம் என்றால் மிச்சம் என்றும் பொருள், ஒருவர் விட்டுச்சென்ற பிள்ளை என்றும் பொருள் என்பதையும் அன்றைக்கே சொன்னார். பரீட்சைக்கு வராது என்பதால் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

புகைப்படம் ஒரு வினையெச்சம் என்பது என் கட்சி. ஒரு வினாடியை நூற்றிருபத்தைந்தாக வெட்டி அதில் ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுக்கிறது கேமரா. ஒருவர் கையை ஓங்கியிருக்கிறார். அடிக்கவா, தடுக்கவா, பஸ்ஸை நிறுத்தவா? படம் சொல்லாது. வினைமுற்றை நாம் போடுகிறோம். போட்டுவிட்டு, படம்தான் சொன்னது என்று சத்தியம் செய்கிறோம். நாமே முடித்த வாக்கியம் என்பதால்தான் அது நம்மை அவ்வளவு உலுக்குகிறது. அடுத்தவர் முடித்துக் கொடுத்த வாக்கியத்துக்கு யாரும் அழுவதில்லை.

இதை ருஷ்யாவில் ஒருவர் சோதித்தே பார்த்திருக்கிறார். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட ஆசிரியர், இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சியே இல்லாத முகத்தை எடுத்துக்கொண்டார். அதை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியில் கிடக்கும் குழந்தையோடும், ஒருமுறை அழகான பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார். முகம் அதேதான். பார்த்தவர்களோ, பசியை என்னமாய்க் காட்டுகிறார், துக்கத்தை என்னமாய் அடக்குகிறார் என்று நடிகரைப் புகழ்ந்தார்களாம். அந்தப் படச்சுருள் இன்று இல்லை. கதை மட்டும் எல்லாச் சினிமாப் பள்ளிகளிலும் உலவுகிறது.

எனக்குப் பிழைப்பே இந்த வினைமுற்று போடுகிற வேலைதான். பத்திரிகையில் பல ஆண்டுகள் படப்பிரிவில் இருந்தேன். படம் எடுப்பவன் இல்லை. எடுத்து வருவதில் பொறுக்குவது, ஓரம் வெட்டுவது, கீழே இரண்டு வரி எழுதுவது என் வேலை. புயல் அடித்த ஒரு வாரத்தில் ஒரு படம் வந்தது. இடிந்த சுவருக்கு முன்னால் ஒரு கிழவி, மடியில் வெறும் குடம், கண் தூரத்தில். நான் கொஞ்சமும் யோசிக்காமல், நிவாரண உதவிக்காகக் காத்திருக்கும் மூதாட்டி என்று எழுதினேன். பக்கம் அழகாக வந்தது. மூன்றாம் நாள் ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தாள், கையில் அந்தப் பேப்பர். “எங்கம்மா யாருகிட்டயும் கையேந்தி உக்காரல சார். நான் வர்ற பஸ்ஸ பாத்துக்கிட்டிருந்தாங்க” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திருத்தம் போட்டோமா என்று கேட்பீர்கள். போட்டோம், எட்டாம் பக்கத்தில், நெற்றிப்பொட்டு அளவுக்கு. படம் வந்ததோ முதல் பக்கத்தில்.

அந்தப் பெண் போன பிறகுதான், ஆயிரம் தடவை பார்த்த ஒரு படத்தின் கதையை ஒழுங்காகத் தேடிப் படித்தேன். உலகத்தில் மிக அதிகமாக அச்சான படங்களில் அது ஒன்று. ‘புலம்பெயர் தாய்’ என்று தமிழில் சொல்லலாம்.

இடம், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் நிபோமோ. 1936 மார்ச். பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலம். எடுத்தவர் டாரத்தியா லாங்கே. ஏழு வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பியவர், வாழ்நாள் முழுக்க விந்தி நடந்தவர். சான்பிரான்சிஸ்கோவில் பணக்காரர்களுக்குப் படம் எடுக்கும் ஸ்டூடியோ நடத்தியவர், பசி தெருவுக்கு வந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு தானும் தெருவுக்கு வந்துவிட்டார். அரசாங்கத்துக்காக ஒரு மாதம் ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டு, மழையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, பட்டாணி பறிப்பவர்கள் தங்கும் முகாம் என்ற பலகையைக் கடந்து போகிறார். போதும், வேண்டிய படம் கையில் இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டே 20 மைல் ஓட்டிவிடுகிறார். பிறகு வண்டியைத் திருப்புகிறார். கிழிந்த கூடாரத்தில் ஒரு தாயும் பிள்ளைகளும். பத்து நிமிடம், ஏழெட்டுத் தடவைக்குள் கேமராவை அழுத்தியிருப்பார், அவ்வளவுதான். பெயரைக் கேட்கவில்லை, கதையையும் கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

படத்தை மனத்தில் கொண்டுவாருங்கள். நடுவில் தாய். மடியில் கைக்குழந்தை. இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் அவள் தோளில் முகம் புதைத்து, நமக்கு முதுகைக் காட்டியபடி. இந்த முதுகுகள்தான் படத்தின் சூட்சுமம் என்பேன். பிள்ளைகள் நம்மைப் பார்த்திருந்தால், குழந்தை முகம் எப்படியும் கொஞ்சம் அழகாகத்தானே இருக்கும், நம் கண் அங்கே போய் ஆறியிருக்கும். இங்கே போக்கிடம் இல்லை. பார்க்க ஒரே ஒரு முகம். அந்த முகமோ நம்மைப் பார்க்கவில்லை. கை கன்னத்தோரம் உயர்ந்திருக்கிறது, கண் நம்மைத் தாண்டி எங்கோ நிற்கிறது. என்ன பார்க்கிறாள்? ‘பார்த்து’ என்று பலகையில் எழுதி நிறுத்திவிட்டார் லாங்கே. அதே நாளில் எடுத்த மற்றப் படங்களில் கூடாரம் தெரிகிறது, வளர்ந்த மகள் ஒருத்தி ஆடுநாற்காலியில் இருக்கிறாள். ஒவ்வொரு படத்துக்கும் லாங்கே கிட்டே கிட்டே வந்திருக்கிறார். நாற்காலி போயிற்று, மகள் போனாள், கூடாரமும் ஏறக்குறையப் போயிற்று. மிச்சம் நின்றது ஒரு தாய்.

சான்பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் அந்த முகாமின் கதை மார்ச் 10-ஆம் தேதி வந்தது. சில நாட்களில் அரசாங்கம் 20,000 பவுண்டு உணவை, அதாவது நம் கணக்கில் 9 டன்னை, நிபோமோவுக்கு அனுப்பியது. ஒரு படம் இவ்வளவு செய்யுமா என்று கேட்பவர்களுக்கு, செய்திருக்கிறது என்பதே பதில். ஆனால் அந்தத் தாய்க்கு அதில் ஒரு ரொட்டித் துண்டுகூடக் கிடைக்கவில்லை. உணவு வந்தபோது அவள் குடும்பம் வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டது.

அவர் பெயர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். உலகத்துக்கு அது தெரிய 42 ஆண்டுகள் ஆயின. 1978-இல் மொடெஸ்டோ என்ற ஊரின் நாளிதழ் அவரைக் கண்டுபிடித்தது. கார் டயரை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங்கே எழுதியிருந்தார். டயரை விற்கவில்லை, கார் பழுதாகி நின்றது, அதைச் சரிசெய்யப் பையன்கள் ஊருக்குள் போயிருந்தார்கள் என்றது குடும்பம். அந்த முகாமில் தங்கிக் கிடந்தவர்களும் இல்லை, வழியில் நின்றவர்கள். பஸ் பார்த்துக்கொண்டிருந்த என் கிழவி மாதிரிதான், வண்டிக்குக் காத்திருந்தவர். இன்னொன்று. வெள்ளை அமெரிக்கத் தாய்மையின் அடையாளமாகப் பல பத்தாண்டுகள் கொண்டாடப்பட்ட அந்த முகம் செரோக்கி பழங்குடிப் பெண்ணின் முகம். படத்தில் அது எங்கேயும் மறைக்கப்படவில்லை. பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த வினைமுற்றைப் போட்டுக்கொண்டார்கள்.

படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. லாங்கேவுக்கும் வரவில்லை, அது அரசாங்கச் சொத்து. 1983-இல் பிளாரன்ஸ் நோய்வாய்ப்பட்டு, செலவுக்கு வழியில்லாமல் பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டபோது 25,000 டாலருக்கு மேல் வந்தது. கூடவே கட்டுக்கட்டாகக் கடிதங்கள். அம்மாவின் படத்தை அதுவரை அவமானமாகச் சுமந்தவர்கள், அந்தக் கடிதங்களைப் படித்த பிறகுதான் பெருமையாக நினைக்க ஆரம்பித்ததாகச் சொன்னார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வரவா, செலவா?

அந்தப் படத்தின் வலது கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்திருக்கும் ஒரு கட்டைவிரல் இருந்தது. யாருடைய விரலோ. 1939-இல் லாங்கே அதை நெகட்டிவிலேயே அழிக்கச் செய்தார். கவனம் சிதறுகிறது என்பது அவர் எண்ணம். பத்திரம் போன்ற ஒன்றைத் திருத்தலாமா என்று அவர் மேலதிகாரிக்குக் கோபம். எங்கள் ஊர் ஸ்டூடியோக்காரர் இந்தச் சண்டையைக் கேட்டிருந்தால் லாங்கே பக்கம்தான் நின்றிருப்பார். நான் மேலதிகாரி பக்கம்.

வெட்டுவதைப் பற்றி இன்னொன்று சொல்லிவிட்டுப் போகிறேன். 1972 ஜூன் 8, வியட்நாமின் டிராங் பாங் சாலை. நேபாம் தீயில் ஆடையெல்லாம் எரிந்து ஓடிவரும் ஒன்பது வயதுச் சிறுமி. நாம் பார்த்துப் பழகியது ஓரம் வெட்டப்பட்ட படம். முழுப் படத்தின் வலது ஓரத்தில் ராணுவ உடையில் ஒருவர் தலைகுனிந்து தன் கேமராவில் ஏதோ செய்துகொண்டிருப்பார். அவரை வெட்டியதும் சாலை முழுக்கக் கதறல் ஆகிவிட்டது. வெட்டாமல் விட்டிருந்தால் நாம் சிறுமிக்காக அழுதிருப்போமா, அவர்மேல் கோபப்பட்டிருப்போமா? நிக் உட் பெயரில் புகழ்பெற்ற அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்பதே இப்போது வழக்காகிவிட்டது. 2025-இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பு எடுத்தவர் பெயரை நிறுத்திவைத்தது. ஏ.பி. செய்தி நிறுவனம் பழைய பெயரையே வைத்திருக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்தும் சட்டத்துக்கு வெளியே ஆட்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

நம் மண்ணுக்கு வருகிறேன். தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் சூறையாடியது. லட்சக்கணக்கில் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியை வெட்டிய காலம். சென்னையில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் வந்தவர்கள் வெட்டியது. அந்தப் பஞ்சத்தைப் படம் பிடித்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், மதராஸ் குதிரைப்படை அதிகாரி.

அந்தப் படங்களைப் பார்த்தால் முதலில் வயிறு புரளும். கொஞ்ச நேரம் பார்த்தால் வேறொன்று புரியும். பெரியவர்கள் நடுவில், சின்னவர்கள் காலடியில், பின்னால் சிலர் நின்றபடி. இது குரூப் போட்டோ. எங்கள் தாத்தா மாட்டிக்கொண்ட அதே கல்யாணப் படத்தின் ஒழுங்கு. விலா எலும்பு எண்ணும்படி இருக்கிறவர்களை யாரோ கூட்டிவந்து, வரிசைப்படுத்தி, அசையாதே என்று சொல்லியிருக்கிறார்கள். முக்காலியில் நிற்கும் கேமரா, கண்ணாடித் தகடு. உட்கார்ந்தவர் அசைந்தால் படம் கெட்டுவிடும். நிற்கத் தெம்பில்லாதவர்களிடம் அசையாமல் இருக்கச் சொல்வதை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை. ஒரு படத்துக்குக் குறிப்பு, இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்ற பொருளில். தகுதி! நான் எழுதிய இரண்டு வரிக்கு மூத்த அண்ணன் அது.

ஹூப்பரின் கதை அதோடு முடியவில்லை. 1886-இல் மாண்டலேயில், கொள்ளையர் என்று பிடித்தவர்களைச் சுட்டுக் கொல்லும் இடத்தில் கேமராவை நிறுத்தினார். குண்டு பாயும் அந்த நொடி தகட்டில் விழவேண்டும் என்பதற்காகச் சுடுகிறவர்களைக் காக்கவைத்தார் என்று லண்டன் பத்திரிகையில் செய்தி வந்து, விசாரணை நடந்து, கண்டிக்கப்பட்டார். அந்த மனிதனிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான். சாவைப் படம் பிடிக்க என்ன அவசரம்? அது காத்திருக்கும்தானே. காக்கவைக்கப்பட்டவர்கள் வேறு ஆட்கள்.

அதற்காகப் பஞ்சப் படங்களைக் கிழித்துப்போட வேண்டும் என்று சொல்கிறேனா? மாட்டேன். தாது வருஷத்துப் பசிக்கு நம்மிடம் கும்மிப் பாட்டு உண்டு, சொலவடை உண்டு, அரசாங்கத்தின் அறிக்கைகள் உண்டு. முகம் இந்தப் படங்களில்தான் இருக்கிறது. எடுத்தவரை மன்னிக்காமல் படத்தைக் காப்பாற்ற முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு சிறு திருத்தம் செய்யலாம். இந்தப் படங்களைப் போடுகிறவர்கள் கீழே பஞ்சத்தின் பெயரோடு படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் ஒரு வரி எழுதட்டும்.

கொஞ்சம் இலேசான பக்கம் போவோம். முன்வரிசைப் பெரியவர்களுக்கு 1967 நினைவிருக்கும். ஜனவரி 12-ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆருக்குக் கழுத்தில் குண்டு. அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் எம்.ஜி.ஆர் படம் போஸ்டராகச் சுவர்களில் ஏறியது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. ஆட்சி மாற்றத்துக்கு அரிசி விலையும் இந்தி எதிர்ப்பும் என்று கனமான காரணங்கள் உண்டு. படம்தான் ஜெயித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் போஸ்டரின் முன்னால் நின்று விசும்பிய பெண்களைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் படத்துக்குக் குறிப்பே தேவைப்படவில்லை. இருபது வருடமாகத் திரையில் அடிவாங்கி எழுந்து வந்தவர் அவர். இடைவேளையில் விழுந்தவர் கடைசியில் எழுவார் என்பது ஜனங்களுக்குப் பாடம். வினைமுற்றைப் படம் பார்த்துப் பார்த்து முன்னாலேயே மனப்பாடம் செய்திருந்தார்கள்.

அப்படி மனப்பாடமான முடிவு எதுவும் கைகொடுக்காத படம் ஒன்று உண்டு. 1984 டிசம்பர், போபால். யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்த இரவுக்குப் பின். ஒரு குழந்தையைப் புதைக்கிறார்கள். உடம்பெல்லாம் மண்ணுக்குள், முகம் மட்டும் வெளியே. ஒரு கை. ரகு ராய் அதைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பாப்லோ பார்த்தோலோமியு அதே குழந்தையை வண்ணத்தில் எடுத்தார். அவருடைய படத்துக்கு அந்த ஆண்டின் வேர்ல்டு பிரஸ் போட்டோ விருது கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். வண்ணப் படத்தில் மண்ணுக்கு மண் நிறம், தோலுக்குத் தோல் நிறம். அது நேற்றுக் காலை நடந்தது என்று தோன்றும். கறுப்பு வெள்ளையில் தேதி உதிர்ந்துவிடுகிறது. எந்த ஊரின் எந்தக் குழந்தையாகவும் ஆகிவிடுகிறது. எது நியாயம் என்று கேட்டால், வண்ணம் என்பேன். போபால் எந்த ஊராகவும் ஆகிவிடக் கூடாது. அந்த ஆலைக்கு முதலாளி இருந்தார், முகவரி இருந்தது. எது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கேட்டால், கறுப்பு வெள்ளை.

கெடுப்பது அந்தக் கை. அது மண்ணைத் தள்ளி மூடுகிறதா, மூடிய மண்ணைக் கடைசியாக ஒருமுறை விலக்கிப் பார்க்கிறதா? இரண்டுக்கும் கையின் நிலை ஒன்றுதான். சினிமாவாக இருந்தால் அடுத்த வினாடியில் தெரிந்துவிடும். இங்கே நாற்பது ஆண்டாக அந்தக் கை அங்கேயே நிற்கிறது. குழந்தை யாரென்று உரிமை கொண்டாடி எவரும் வரவில்லை. வருவதற்கு எவரும் மிஞ்சவில்லையோ என்னவோ.

இப்படி உலுக்கப்பட்ட மனம் எத்தனை நாள் குலுங்கும்? 2015 செப்டம்பரில் துருக்கியின் போட்ரும் கடற்கரையில் சிவப்புச் சட்டையோடு முகங்குப்புறக் கிடந்த சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம், எடுத்தவர் நிலுஃபர் தெமிர். அது வந்த வாரத்தில் அகதிகளுக்காக சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நன்கொடை பல மடங்கு எகிறியது. ஆறு வாரத்துக்குள் அலை அடங்கிவிட்டது. அதற்கு முன் நான்கு வருடம் சாவு எண்ணிக்கை செய்தியாக வந்துகொண்டுதான் இருந்தது, எண்ணுக்கு யாரும் பர்ஸைத் திறக்கவில்லை. ஒரு காலணிக்குத் திறந்தார்கள். அந்தச் சின்ன ஷூவைத்தான் சொல்கிறேன். அன்று காலை யாரோ ஒருவர் குனிந்து மாட்டிவிட்ட ஷூ. ஆறு வாரம்தானா என்று ஏளனம் செய்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆறு வாரத்தில் எத்தனையோ பேர் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் பத்திரிகைக்காரன் ஆறு வாரத்துக்கு ஒரு குழந்தையைத் தேட ஆரம்பித்தால் அவன் ஹூப்பர் ஆகிவிடுவான்.

நம் வீட்டுச் சுவருக்கே திரும்பிவிடலாம். ரோலான் பார்த் என்ற பிரெஞ்சுக்காரர் புகைப்படத்தைப் பற்றி 1980-இல் ஒரு புத்தகம் எழுதினார். புத்தகத்தின் உயிரே, அவர் அம்மாவை ஐந்து வயதில் எடுத்த படம் ஒன்று. பல படங்களை அச்சிட்டவர் அதை மட்டும் அச்சிடவில்லை. அது எனக்கு மட்டுமே படம், உங்களுக்கு இன்னொரு பழைய போட்டோ என்று விட்டுவிட்டார். திரை வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அவரும் ஒரு காரணம்.

நம் ஊரில் சாவு வீட்டுப் போட்டோ என்று ஒன்று இருந்தது. இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று எடுப்பது. சின்ன வயதில் பார்த்துப் பயந்திருக்கிறேன். இப்போது அந்த வழக்கம் குறைந்துவிட்டது. ஆனால் பழக்கத்தின் இன்னொரு பாதி உயிரோடு இருக்கிறது. ஒருவர் போனதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, நல்ல படம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான். ரேஷன் கார்டிலிருந்தும், பேரன் காதுகுத்து ஆல்பத்திலிருந்தும், செல்போனிலிருந்தும் தேடுவார்கள். சிரித்துக்கொண்டிருக்கும் அதே படம்தான். சட்டம் போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, மாலை போட்டு, சின்னதாய் ஒரு சிவப்பு பல்பு எரியவிட்டால், பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரியும். படத்தில் ஒரு புள்ளி மாறவில்லை. மாலைதான் வினைமுற்று. உலகத்தில் வேறெங்கும் ஒரு பூச்சரத்துக்கு இவ்வளவு இலக்கணம் இருக்கிறதா என்று தெரியவில்லை. உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாராவது தெரியாமல் மாலை போட்டுவிட்டால் வீட்டில் என்ன கூச்சல் எழும் என்று உங்களுக்கே தெரியும்.

2017 பிப்ரவரி 20-ஆம் தேதி இலங்கையின் கிளிநொச்சியில் கந்தசாமி கோவில் முன்னால் சில தாய்மார் உட்கார்ந்தார்கள். பிறகு வவுனியாவில், முல்லைத்தீவில். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள். 2009 மே மாதம் போர் முடிந்த நாட்களில் தங்கள் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று கேட்பவர்களும் அதில் உண்டு. நான் அங்கே போனதில்லை. வந்த படங்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். அடையாள அட்டைக்கு எடுத்தது, கல்யாண ஆல்பத்திலிருந்து பிரித்தது, பள்ளிக்கூடச் சீருடையில் எடுத்தது. பாஸ்போர்ட் சைஸைப் பெரிதாக்கியதால் கண் கலங்கினாற்போல் மங்கிப்போனது. வெயிலில் வெளுத்தது. படத்தில் இருப்பவனுக்கு வயது ஏறவில்லை, பிடித்திருப்பவளுக்கு ஏறிக்கொண்டே போகிறது. பதில் தெரியாமலே போய்ச்சேர்ந்த தாய்மாரும் பலர். அவர்கள் படத்துக்கு மாலை உண்டு.

பிள்ளைகளின் படங்களில் மாலை இல்லை. பொட்டு இல்லை. கொழும்பில் காணாமல் போனவர்களுக்கென்று அலுவலகம் ஒன்று வந்தது. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச, காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் தரலாம் என்றார்கள். எங்களுக்குச் சான்றிதழ் வேண்டாம் என்று தாய்மார் மறுபடி அதே இடத்தில் அதே படத்தோடு உட்கார்ந்தார்கள்.

நான் வேலையிலிருந்து ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அந்தப் போராட்டத்தின் படம் ஒன்று மேஜைக்கு வந்தது. கட்டம்போட்ட சட்டையில் இருபது வயதுப் பையன். படத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கும் கைகள். லேமினேஷன் ஓரத்தில் இரண்டு கட்டைவிரல்கள், நகமெல்லாம் தேய்ந்தவை. பக்கத்தில் இடம் குறைவு. பையன் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டால் அடங்கிவிடும் சார் என்றான் லே-அவுட் செய்த தம்பி. விரல் இருக்கட்டும் என்றேன். இரண்டு பத்தியில் முடியவேண்டிய படம் மூன்று பத்தி எடுத்துக்கொண்டது. பக்கத்திலிருந்த செய்தி ஒன்றைத் தூக்கவேண்டி வந்தது. படத்தின் கீழே பையனின் பெயர், அம்மாவின் பெயர், ஊர், தேதி. வினைச்சொல் எதுவும் எழுதவில்லை.